பட்டறையும் பள்ளியும்

பொறியியலில் எந்நாட்டார் வல்லவர் என்னும் வினாவுக்கு 1826ஆம் ஆண்டு தக்கதொரு விடை தருகிறது.

ஆட்டிடையன் மகனாய்ப் பிறந்து, கொத்துவேலை பயின்று உயர்ந்த தாமஸ் டெல்ஃபோர்டு, அவ்வாண்டில் பிரிட்டனின் மெனாய் நீரிணைமேல் தொங்குபாலம் அமைத்து முடித்தார். பிரெஞ்சு நாட்டு நாவியேயோ, 1794இல் தோன்றிய எக்கோல் பாலிடெக்னிக் கல்லூரியில் கணிதம் கற்றுத் தேர்ந்தவர். தொங்குபாலக் கோட்பாட்டை 1823இல் நூலாக வெளியிட்டவர். எனினும் பாரிஸில் அவர் எழுப்பிய பாலம், அதே 1826இல் சங்கிலிகளைப் பிணித்த நிலத்தடிக் கட்டுமானம் நகர்ந்தமையால், திறக்கப்படுமுன்னரே பிரித்தெடுக்கப்பட்டது.

பட்டறையே வென்றது எனலாமா? ஆகாது. மெனாய்ப் பாலத்தின் தளமும் 1839இல் புயலுக்குச் சிதைந்தது. நாவியேயின் பெயர் தாங்கிய சமன்பாடுகளையோ இன்றும் உலக மாணாக்கர் பயில்கின்றனர். மண்ணை அறிந்த கையும் விசையை அளந்த அறிவும் ஒருவரிடமே கூடுமாறு கற்பிக்கும் நாடே வல்ல நாடு.