நோயாளியும் நடக்கட்டும்

(இனயத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச வந்திருப்பது புராணத்தைப் பற்றியல்ல. இரத்தப் புற்றுநோய் கண்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவர் கட்டிலை விட்டு எழுந்து நடக்கலாமா என்பதைப் பற்றியேயாகும். இதில் பகுத்தறிவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நிரம்ப வேலை இருக்கிறது என்பதே நமது பதில்.

இந்நோய் எலும்பு மஜ்ஜையைப் பற்றி, நல்ல இரத்த அணுக்கள் உண்டாவதைக் கெடுக்கிறது. சிவப்பணு குறைந்தால் அயர்வு. வெள்ளணு குறைந்தால் தொற்று. தட்டணு குறைந்தால் இரத்தக்கசிவு. கடுமையான வகையானால் முதல் சிகிச்சைக்கே சுமார் 4 வாரம் ஆஸ்பத்திரியில் தங்க நேரிடும். இதற்காக நம் பக்கத்தார் 1981-இல் ஏற்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போகிறார்கள்.

அங்கே பார்க்கப்போகும் உறவினர் செய்வதென்ன? "அசையாதே, படு" என்கிறார்கள். தண்ணீர்ச் செம்பைக்கூட எடுக்கவிடுவதில்லை. தலைமாட்டில் நின்று "எல்லாம் விதி" என்று அழுகிறார்கள். அன்பு உண்மைதான், ஆனால் அந்த அன்பு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் கரையிலிருந்துவிட்டு முதல் நாள் வலை இழுத்தவரைக் கேளுங்கள், தோள் என்ன சொல்லிற்றென்று! 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், யாதொரு நோயுமில்லாத வயோதிகர்களைப் 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போயிற்று. நோயில்லாதவர் கதி இதுவானால், நோயாளி கதி என்ன? ஆகவே அயர்வு முழுவதும் நோயினாலும் மருந்தினாலும் வந்ததன்று. ஒரு பங்கு படுக்கை கொடுத்தது.

இது வெறும் யூகமல்ல. ஜெர்மனியில் கடும் மருந்துச் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகள் 59 பேரை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாரைப் படுக்கையிலேயே தினமும் மிதிகருவி மிதிக்க வைத்தார்கள். 1999-இல் வெளியான முடிவு என்ன? மிதிக்காதவர்களுக்கு அயர்வு ஏறிற்று. மிதித்தவர்களுக்கு ஏறவில்லை, அச்சமும் குறைந்தது. தைவானில் இரத்தப் புற்றுநோயாளிகளைத் தினம் 12 நிமிடம், வாரத்தில் 5 நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடக்கவிட்டுப் பார்த்து, 2008-இல் நற்பலன் கண்டதாக எழுதினார்கள். பன்னிரண்டே நிமிடம், தோழர்களே! காசு செலவில்லை, காணிக்கையுமில்லை.

நிற்க. ஒரு மூடநம்பிக்கையை இறக்கிவிட்டு இன்னொன்றை ஏற்றிவைக்க நாம் வரவில்லை. தேகப்பயிற்சி இந்நோயைத் தீர்க்காது. தீர்க்க வேண்டியது மருந்து. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2019-இல் நிறுத்துப் பார்த்தவர்களும், அயர்வும் மனச்சோர்வும் குறையக்கூடும் என்றார்களே தவிர, ஆயுள் கூடும் என்று சொல்லவில்லை. அன்றியும், காய்ச்சல் கண்டாலும், இரத்தம் கசிந்தாலும், தலை சுற்றினாலும், தட்டணு மிக இறங்கினாலும் நிறுத்திவிட வேண்டும். அன்றன்றைய இரத்தக் கணக்கைப் பார்த்து வைத்தியர் சொல்லும் அளவே அளவு. நடக்க முடியாத நாளில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினாலும் போதும்.

மனதைப் பற்றி ஒரு வார்த்தை. ஊசியைப் பிறர் போடுகிறார்கள். சோற்றைப் பிறர் ஊட்டுகிறார்கள். அழுகையையும் பிறரே அழுதுவிடுகிறார்கள்! நோயாளி தானே செய்ய என்ன மிச்சம்? அந்தப் பத்தடி நடை அவருடையது. நேற்று ஜன்னல்வரை, இன்று கதவுவரை என்று கணக்கிடுகிறவன் விதியை நம்பிக் கிடப்பவனல்ல. படுக்கையிலும் ஒருவனுக்கு சுயமரியாதை உண்டு.

ஆகவே, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது திருநீறோ, மந்திரித்த எண்ணெயோ கொண்டுபோகாதீர்கள். "இன்று இவர் எவ்வளவு நடக்கலாம்?" என்று வைத்தியரைக் கேளுங்கள். பிறகு கையைக் கொடுத்து, கூடவே நடங்கள். கண்ணீரைவிட அந்தக் கை அவருக்கு அதிகம் உதவும்.