விருந்து நாளிலே துக்கம்



அமெரிக்காவிலே நவம்பர்த் திங்கள் நான்காம் வியாழன் நன்றி நவிலும் நாள், வீடுதோறும் விருந்து! அதே நாளில், மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிளிமத் நகரிலே, பழங்குடி மக்கள் துக்கம் காக்கிறார்கள். ஏன்?

1620-ல் 'மேபிளவர்' கப்பலில் வந்திறங்கிய வெள்ளையருடன் 1621-ல் நட்புடன்படிக்கை செய்தவர், வாம்பனோக் இனத் தலைவர் மாசசாய்ட். கைம்மாறு யாது? 1676-ல் அவர் மகன் மெட்டகாமின் தலையைக் கொய்து, அதே பிளிமத்தில் கம்பத்தில் செருகி வைத்தனர்!

1970-ல், கப்பல் வந்த 350-ஆம் ஆண்டு விழா விருந்திலே பேச வருமாறு வாம்சுட்டா பிராங்க் ஜேம்சை அழைத்தனர். வாம்பனோக் இனத்தவர் அவர். எழுதிய உரையை முன்னதாகவே கேட்டு வாங்கினர், உண்மை சுட்டது! வேறோர் உரையைத் தயாரித்து நீட்டினர். அவர் மறுத்தார். அவ்வாண்டு நன்றி நாளன்று, மாசசாய்ட் சிலை நிற்கும் கோல்ஸ் குன்றிலே பழங்குடி மக்கள் திரண்டனர். 'தேசியத் துக்க நாள்' பிறந்தது. இன்றும் ஆண்டுதோறும் தொடர்கிறது.

மேடை தந்து நாவைப் பறிப்பது மரியாதையா? வென்றவன் எழுதும் வரலாறு வெறும் வரவுக் கணக்கு. இழந்தவன் பேசினால்தான் செலவு தெரியும். ஆகவே தோழர்களே, விழா எதுவாயினும், அங்கே பேச விடப்படாதவர் யார் என்று கேளுங்கள்!