கணக்கில் இருக்கிறது களிப்பு!

(தலைப்பு: வெளிநாட்டுச் சுற்றுலாவில் பெரிதும் மகிழ்ச்சி தருவது கணக்குப் பார்த்துச் செல்வதா? கணக்குப் பாராமல் செல்வதா?)

எங்களை வாரு வாரென்று வாரிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்களைப் போல் அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "வாழ்நாள்ல ஒரு தடவை ஐரோப்பா போறோம். அங்க போயும் நோட்டும் பேனாவுமா உக்காந்தா அது சுற்றுலாவா, மளிகைக் கடையா?" என்று கேட்டார். ஐயா, மளிகைக் கடைக்குப் போகும்போதே சீட்டு எழுதிக்கொண்டு போகிற நம்ம வீட்டம்மா, பாரீசுக்குப் போகும்போது மட்டும் கையை வீசிக்கொண்டு போகணுமா? (சிரிப்பு)

விமானம் ஏறுவதற்கு முன்பே கணக்கு ஆரம்பித்துவிடுகிறது. ஷெங்கன் விசா என்று ஒன்று. ஒரே விசாவில் 29 நாடுகளுக்குப் போகலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் 45 யூரோ. அப்பா, அம்மா, 14 வயது மகள், 10 வயது மகன் என்றால் 315 யூரோ. விரல் விட்டு எண்ண வசதியாக ஒரு யூரோவை 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 31,500 ரூபாய்! இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. விசா மறுத்துவிட்டால் கட்டின பணம் திரும்பாது. இந்த விசாவை வைத்துக்கொண்டு இலண்டனுக்குள் நுழையவும் முடியாது. அதற்குத் தனி விசா, தனிப் பணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றார்களே, நம்ம பாட்டிமார்கள் பாஸ்போர்ட் இல்லாமலே ஐரோப்பாவைப் பார்த்திருக்கிறார்கள்! (கைதட்டல்)

சரி, பாரீசில் இறங்கியாயிற்று. லூவ்ர் அருங்காட்சியகம். 2024-ல் 22 யூரோவாக இருந்த நுழைவுக் கட்டணம், 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. பெரம்பலூர்க்காரர்களுக்கு யூரோவில் சொன்னால் எப்படி? சின்ன வெங்காயத்தில் சொல்கிறேன். கிலோ 40 ரூபாய்க்கு விற்றால், ஒரு ஆள் உள்ளே போக 80 கிலோ! 80 கிலோ வெங்காயம் உரித்தால் வருகிற கண்ணீர் டிக்கெட் எடுக்கும்போதே வந்துவிடும். (பலத்த சிரிப்பு) ஆனால் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இது யாருக்குத் தெரியும்? முன்கூட்டியே கணக்குப் போட்டவனுக்குத்தான் தெரியும்!

திருவள்ளுவர் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். படையெடுத்துப் புறப்படுகிற மன்னனுக்குச் சொன்னது. வரவு செலவைப் பற்றியும் அதற்குள்ளேதான் பேசுகிறார். ஏன்? வாசற்படி தாண்டுவதற்கு முன்னால் தன் கையிருப்பைத் தெரிந்துகொள்வதும் ஒரு வலிமை! மெல்லிய மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் அச்சு முறியும் என்கிறாரே, அந்த மயிலிறகு எது தெரியுமா? பாட்டில் தண்ணீர், கழிப்பறைக்குச் சில்லறை, தங்கும் விடுதியில் நகர வரி. வெனிஸ் நகரம் 2024-லிருந்து, கூட்டம் மிகுந்த சில நாட்களில், பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் தலைக்கு 5 யூரோ வாங்க ஆரம்பித்தது. ரோம் நகரத்திலோ தெருக்குழாயில் நல்ல குடிநீர் இலவசமாகவே கொட்டுகிறது. தெரிந்தவன் பாட்டிலைப் பிடித்துக்கொள்கிறான். தெரியாதவன் காசைக் கொட்டுகிறான்.

"கடன் வாங்கியாவது பார்த்துவிடணும், வயசு போனா வருமா?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். உருக்கமான கேள்வி. ஆனால் அம்மா, நகையை அடகு வைத்துப் போய் வந்த வீட்டில் என்ன நடக்கிறது? எடுத்த படம் பழசாகிவிடுகிறது. தவணை மட்டும் மாதாமாதம் புதுசாக வருகிறது. பிள்ளைக்குக் கல்லூரிப் பணம் கட்டுகிற ஜூன் மாதத்திலும் வருகிறது.

இன்னொன்று சொல்கிறேன், தாய்மார்கள் கவனிக்க வேண்டும். கணக்கில்லாமல் போகிற குடும்பத்தில் முதல் இரண்டு நாள் காசு தண்ணீராக ஓடும். அப்பாவுக்கு வாட்ச், மகனுக்குக் கால்பந்து மைதானம், மகளுக்குக் கைப்பை. ஐந்தாம் நாள் அம்மா, "அந்தப் படகுல ஒரு தடவை போலாமாங்க?" என்று மெல்லக் கேட்பாள். "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார். எந்த அடுத்த தடவை? கணக்கில்லாத வீட்டில் முதலில் வெட்டுப்படுவது, கடைசியாகக் கேட்கிறவளின் ஆசை! (நீண்ட கைதட்டல்) வீட்டிலேயே நோட்டைத் திறந்து, ஆளுக்கு ஓர் ஆசை என்று எழுதி, அதற்குப் பணம் ஒதுக்கிவிட்டால், அந்தப் படகு அவளுக்காகக் காத்திருக்கும். ஒரு வாரத்தில் ஏழு நாடு ஓடாதீர்கள், பேருந்தைத்தான் பார்ப்பீர்கள். இரண்டு ஊர் போதும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று தொடாமல் வையுங்கள்.

அதற்கு முன்னால் இங்கேயே ஓர் ஒத்திகை பாருங்கள். ஒருநாள் பிள்ளைகளோடு சாத்தனூர் போய், 12 கோடி ஆண்டுப் பழமையான, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தைப் பாருங்கள். அப்படியே கங்கைகொண்ட சோழபுரம் போங்கள். நோட்டு மகள் கையில் இருக்கட்டும். காலையில் போட்ட கணக்கு என்ன, இரவில் ஆன செலவு என்ன? 2,000 என்று போட்டு 2,500 ஆனால், உங்கள் குடும்பம் கால் பங்கு கூடுதலாகச் செலவழிக்கிற குடும்பம். ஐரோப்பாக் கணக்கிலும் அந்தக் கால் பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்!

அந்தச் சோழபுரத்தில் இருந்து ஆண்ட இராசேந்திரன் 1025-ல் கடல் கடந்து கடாரத்துக்குப் படை அனுப்பினான். அவன் தந்தை கட்டிய தஞ்சைக் கோயிலில், கொடுத்த நகைகளின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். அத்தனை பெரிய அரசே கணக்கெழுத வெட்கப்படவில்லை. மாதச் சம்பளக்காரன் வெட்கப்படலாமா?

ஆகவே நடுவர் அவர்களே, போகும்போது இருந்த நிம்மதி திரும்பி வரும்போதும் இருந்தால்தான் அது சுற்றுலா. அந்த நிம்மதியைத் தருவது கணக்குப் பார்த்துச் செல்வதே, செல்வதே!