நாகமாணிக்கம் ஒளிரட்டும், பட்டன் செல் வேண்டாம்

(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் போடும் நாடகத்தில் ஒரு நாகமாணிக்கம் வருகிறது. அதை வீட்டிலேயே செய்வது எப்படி என்று சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். வேலை சுலபம்தான். ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பெற்றோர்கள் அதைக் கவனமாகக் கேளுங்கள்.

கார்த்திகைக்கு வாங்கிய, நிறம் மாறும் பிளாஸ்டிக் அகல் விளக்கு பல வீடுகளில் சும்மா கிடக்கும். அடிமூடியைத் திறந்தால் ஒரு எல்.இ.டி., ஒரு சுவிட்ச், ஒரு பட்டன் செல், அவ்வளவுதான். அந்த எல்.இ.டி.க்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும், அவற்றை மாற்றி மாற்றி எரிய வைக்கும் சிறு சிப்பும் இருக்கின்றன. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்; மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. நீல எல்.இ.டி.யை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி ஆபத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் உள்ளே இருப்பது சி.ஆர். 2032 செல். அகலம் 20 மி.மீ.; ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கும். அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். விளக்கை எரிக்க முடியாத பழைய செல்லும் இதைச் செய்யும். விளையாட்டுப் பொம்மை என்றால் அந்த மூடிக்குத் திருகாணி வேண்டும். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அகல் விளக்கோ அலங்காரப் பொருள். பலவற்றின் மூடி நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். எல்.இ.டி.யை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணி வைத்து மூடும் பெட்டியில் இரண்டு பென்டார்ச் செல்களைத் தொடராகப் போடுங்கள். அதே 3 வோல்ட் கிடைக்கும். இடையில் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். எல்.இ.டி.யின் தலையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் வெளிச்சம் பரவும். வெள்ளை டேபிள் டென்னிஸ் பந்தில் துளையிட்டு அதைச் செருகினால் மாணிக்கம் தயார். துளையைச் சூடான ஊசியால் போடாதீர்கள், சிலவகைப் பந்துகள் தீப்பற்றும். வீட்டு மின்சாரத்தில் எரியும் சீரியல் செட்டை வெட்டி இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அதில் 230 வோல்ட் ஓடும்.

குழந்தை செல்லை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், அழுகிறதா இருமுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108ஐ அழைத்து, எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் போய்ச் சேரும் நேரமும் அந்த 2 மணி நேரத்துக்குள் அடக்கம்.

கழற்றிய பட்டன் செல்லின் இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குப்பையில் போட வேண்டாம். இவற்றைச் சேகரிக்க நம் சங்க அலுவலகத்தில் பூட்டிய டப்பா ஒன்று வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஒத்திகைக்கு முன் எந்தப் பொருளையும் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். திருகாணி இறுகியிருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள்.