தீர்ப்புக்குக் காத்திராத தன்மதிப்பு



பனியன் கம்பெனி வேலையை நம்பித் திருப்பூருக்கு வந்த நம்மில் பலர், சாதியை ஊரிலேயே விட்டுவிட்டதாக நினைத்தோம். வாடகைக்கு வீடு கேட்டபோது முதல் கேள்வியாக அதுவே வந்தது.

இதே மாவட்டத்து உடுமலைப்பேட்டையில், 2016 மார்ச் 13 அன்று, பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். குமரலிங்கத்தைச் சேர்ந்த தலித் பொறியியல் மாணவர். உடன் வெட்டுப்பட்ட மனைவி கௌசல்யா உயிர் பிழைத்தார்.

பின்னர் உயிரை விடவும் துணிந்தவர், மீண்டு வந்து என்ன செய்தார்? சங்கரின் வீட்டிலேயே தங்கினார். பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். எதை அடித்ததற்காக நம்மை இழிந்தவர் என்றார்களோ, அந்தப் பறையைக் கற்றார். அவர் நம் சேரியில் பிறந்தவரல்லர்; பிறந்த சாதியின் பெருமையை உதறியவர்.

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. சட்டப் போராட்டம் தொடரும் என்றார் கௌசல்யா.

தன்மதிப்பை ஒரு தீர்ப்பு தருமானால், இன்னொரு தீர்ப்பு பறித்துவிடும். ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் கேட்போம்; விடமாட்டோம். அதுவரை, அடிபட்டவரைத் தனியே விடாதிருப்பது நம் வேலை: காவல் நிலையத்துக்கு உடன் போவோம், வாய்தாதோறும் பக்கத்தில் உட்காருவோம், படிப்பும் வேலையும் நின்றுபோகாமல் பார்ப்போம். 'நான் தாழ்ந்தவளல்ல' என்று தனியாகச் சொல்லும் குரல் நடுங்கலாம். பத்துக் குரல் சேர்ந்தால் நடுங்காது.

ஜெய் பீம்.