சாங்கியில் கரையேறும் படங்கள்

சிங்கப்பூரின் சாங்கி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஆகாய விமானங்களே நினைவுக்கு வரும். ஆனால் சென்னைக் கரையிலிருந்து புறப்பட்டு, வங்கக் கடலின் அடித்தளத்தில் 3,175 கிலோமீட்டர் தூரம் ஓடிவரும் டாட்டா நிறுவனத்தின் கண்ணாடியிழை வடம் ஒன்று, 2004-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து அதே சாங்கியில்தான் கரையேறி வருகிறது என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

இப்படிக் கடலடி வடங்களின் வழியே வருவதற்கு முன், ஒரு காலத்தில் தமிழ்ப் படம் நம்மை வந்தடைந்த விதமே வேறு. கனத்த படப்பெட்டிகள் கப்பலிலும் விமானத்திலும் வந்திறங்கி, தணிக்கை முடிந்து, கொட்டகைக்குப் போய்ச் சேரும்வரை ஜனங்கள் ஆவலோடு காத்திருப்பார்கள். பிற்பாடு, தேக்கா வட்டாரத்துக் கடைகளில் வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கூடத்தில் அண்டை அயலாரோடு அமர்ந்து பார்த்த காலமும் வந்தது. இன்றோ இணையப் படச் சேவை ஒன்றின் மாதச் சந்தாவே போதுமானதாகிவிட்டது. நாம் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் படம் கடல் கடந்து வருவதுமில்லை. பெரிய சேவைகள் அதன் பிரதிகளை இணைய நடமாட்டம் குறைந்த வேளைகளில் நமக்குச் சமீபத்திலுள்ள கணினிகளுக்கு அனுப்பிச் சேமித்து வைத்து, அங்கிருந்தே வழங்குகின்றன.

இந்த அபிவிருத்தி ஆசியாவில் வெகு வேகமாக நிகழ்ந்தது. 2015-ஆம் ஆண்டில் சிங்டெல், சோனி, வார்னர் பிரதர்ஸ் ஆகிய மூன்றும் கூடி நம் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ‘ஹூக்’ என்னும் சேவையைத் தோற்றுவித்தன. மலேசியாவில் ‘ஐஃபிளிக்ஸ்’ அதே சமயத்தில் எழுந்தது. 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் ஒரே நாளில் 130 நாடுகளில் கடை விரித்தது. அவ்வாண்டின் இறுதியில் அமேசான் பிரைம் வீடியோவும் உலகெங்கும் பரவியது. பெருந்தொற்று வந்து கொட்டகைகளை மூடிய 2020-ல் ‘பொன்மகள் வந்தாள்’, ‘சூரரைப் போற்று’ போன்ற படங்கள் கொட்டகையையே காணாமல் நேராக இல்லங்களுக்கு வந்தன.

இதன் நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவின் புல்வெளிகளில், வாரமெல்லாம் கட்டுமானத் தளங்களில் உழைத்துக் களைத்த தம்பிகள் இருவர், ஒரே கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, செவிக்கருவியில் ஆளுக்கொன்றைக் காதில் பொருத்தி, தம் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் காட்சியைக் கண்டவர் எவரும் இந்த விஞ்ஞான சௌகரியத்தைப் பழிக்கத் துணியார்.

ஆயினும் ‘ஹூக்’கின் கதை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஐந்து நாடுகளில் பரவிய அச்சேவை, 2020 மார்ச்சில் கலைப்புக்கு விண்ணப்பித்து, ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மறைந்தது; ‘ஐஃபிளிக்ஸ்’ அதே ஆண்டில் சீனத்து டென்சென்ட்டின் கைக்குப் போயிற்று. படங்களின் உரிமைக்குக் கொடுக்கும் விலையோ மிகப் பெரிது. ஆசிய ஜனங்கள் பலரால் கொடுக்கக்கூடிய சந்தாவோ சொற்பம். போதாக்குறைக்கு, படங்களை விற்று வந்த பெரிய நிறுவனங்களே தத்தம் சொந்தச் சேவைகளோடு நேராகக் களத்தில் இறங்கிவிட்டன. இத்தகைய போட்டியில், இலட்சக்கணக்கில் பார்வையாளரைக் கூட்டிக் காட்டும் கதைக்கே முதலிடம் கிடைக்கும் என்பது வியாபார தர்மம். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் தமிழை அரசு மொழிகளுள் ஒன்றாகப் பெற்றிருந்தும், எண்ணிக்கையில் சிறியதான சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகத்தின் வாழ்க்கையை, அதன் பேச்சை, அதன் அடுக்குமாடி வீட்டுச் சுகதுக்கங்களைச் சித்திரிக்கும் பொறுப்பை அந்த வியாபாரக் கணக்கு ஒருபோதும் ஏற்காது.

அப்பொறுப்பு நம்முடையது. 2008 அக்டோபர் முதல் முழுநேர இந்திய ஒளிவழியாக விளங்கும் வசந்தத்தின் நாடகங்களை ‘மீவாட்ச்’ தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நம் ஊர் இயக்குநர் கே. ராஜகோபாலின் ‘எ எல்லோ பேர்ட்’, சிங்கப்பூர்த் தமிழன் ஒருவனின் வாழ்வை 2016-ல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்திற்கே கொண்டு சென்றது. 2005-ல் இங்கே தோன்றி, 2014 முதல் தேசிய நூலக வாரியத்தின் கீழ் இயங்கிவரும் ஆசியத் திரைப்படக் காப்பகமோ, வியாபாரம் கைவிட்ட படங்களையும் அழியாமல் காக்கும் அரும்பணியைச் செய்து வருகிறது.

ஆதலால், நேயர்களே, சந்தா செலுத்துங்கள்; உலகத்தின் கலைச்செல்வத்தையெல்லாம் கண்டு மகிழுங்கள். அதனோடு, வாரத்தில் ஒரு மாலையேனும் கைத்தொலைபேசிகளை ஒதுக்கி வைத்து, பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் ஒன்றாக அமர்ந்து, இம்மண்ணில் எடுக்கப்பட்ட ஒரு தமிழ்ப் படைப்பைப் பாருங்கள். பார்த்தபின் அதன் குறை நிறைகளைக் குடும்பத்தோடு பேசுங்கள். எடுத்தவர்களுக்கும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பார்ப்பவர் உண்டு என்று தெரிந்தால்தான் அடுத்த படைப்பை எடுக்க ஒருவர் துணிவார்.