மோட்டார் ஓடுகிறது, ஒயரிங் நன்றாக இருக்கிறதா?

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. மோட்டார் கொட்டகையில் இருக்கிற ஒயரிங்கைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். "அது மின்வாரியக்காரங்க வேலையாச்சே, உங்களுக்கு என்ன வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, நெல்லில் புகையான் பார்ப்பதற்காக ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கால் கழுவலாம் என்று தொட்டிப் பக்கம் போனேன். "தம்பி, அந்தப் பைப்பைத் தொடாதீங்க. மோட்டார் ஓடுறப்ப லேசா சுருக்குங்கும்" என்றார் வயல்காரப் பெரியவர். எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது கிடக்கு ரெண்டு வருசமா. செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது" என்றார். "வயர்மேனைக் கூப்பிட்டுப் பாருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு நானும் வந்துவிட்டேன். அந்த ஐப்பசி மழையில், அவருடைய கறவை மாடு அதே தொட்டியில் தண்ணீர் குடிக்க வாய் வைத்த இடத்திலேயே விழுந்து செத்தது. மாட்டை ஓட்டி வந்த பேரன் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தான். அந்தப் பத்தடிதான் பிள்ளையைக் காப்பாற்றியது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தது போதாது, கூட நின்று பார்த்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

லைட் எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அங்கேதான் தப்பு. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். பியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தாலும் ஓடத்தான் செய்யும். எர்த்தும் பியூஸும் ஆபத்து வருகிற அன்றைக்கு நம்மைக் காப்பதற்காக இருப்பவை. அன்றைக்கு அவை கை கொடுக்குமா என்பதை முன்கூட்டியே சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. இணைப்பு வாங்கும்போது, உரிமம் பெற்ற ஒயரிங் காண்டிராக்டர் சோதித்து எழுதிக் கொடுப்பார். பல கொட்டகைகளில் அதுவே முதல் சோதனை, அதுவே கடைசிச் சோதனை! வாரியத்தின் கம்பி வந்து சேருகிற இடத்துக்கு அப்பால், உள்ளே இருக்கிற ஒயரிங் நம் பொறுப்பு.

முதலில் எர்த்தைப் பாருங்கள். மூன்று பேஸ் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. எர்த் குழி காய்ந்துபோனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்ந்த குழியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் உடம்பில் 230 வோல்ட் கசிந்தால், அந்தக் குழி வழியாகப் போவது ஏறக்குறைய நாலரை ஆம்பியர்தான். 15 ஆம்பியர் பியூஸ் இதற்கு அசையாது. மோட்டார் பாட்டுக்கு ஓடும். அதன் உடம்பிலும் பைப்பிலும் மின்சாரம் நிற்கும். தடை 5 ஓமாக இருந்தால் 40 ஆம்பியருக்கு மேல் பாயும், பியூஸ் போய்விடும். ஆகவே கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். போல்ட் துருப்பிடித்திருந்தால் வயர்மேனை வைத்துச் சுத்தம் செய்து முடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, மெயினை அணைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள், மூக்கால் முகருங்கள். சுவிட்ச் போர்டில் கருகிய தடம் இருக்கிறதா? எலி கடித்த கேபிள் உண்டா? டேப் சுற்றிய ஒட்டு தண்ணீரில் கிடக்கிறதா? கொட்டகைக் கூரை ஸ்டார்ட்டர் மேல் ஒழுகுகிறதா? இதற்கெல்லாம் கருவி வேண்டாம். ஆனால் மூடிகளைத் திறந்து கை வைக்காதீர்கள். மெயினை அணைத்த பிறகும் கப்பாசிடரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மூன்றாவது, உரிமம் உள்ள வயர்மேனைக் கொண்டு செய்கிற சோதனை. மெக்கர் என்று ஒரு கருவி உண்டு. ஒயரின் மேலுறையும் மோட்டார் காயிலும் மின்சாரத்தைக் கசியவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றனவா என்று அது காட்டும். மெயினை அணைத்து, டி.வி., எல்.இ.டி. விளக்கு முதலியவற்றைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்தால், அளவு ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. எர்த்தின் தடையை அளக்கவும் தனிக் கருவி இருக்கிறது. கிடைத்த எண்ணை வாயால் கேட்டுக்கொண்டு விட்டுவிடாமல், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். போன வருடம் 20 மெகாஓம், இந்த வருடம் 3 என்றால், மோட்டார் நன்றாக ஓடினாலும் உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டு வருகிறது என்று பொருள். பாஸ்புக் மாதிரி இதுவும் ஒரு கணக்குப் புத்தகம்.

வீட்டுக்கும் இதே கதைதான். கிரைண்டர், பிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி மூன்றுக்கும் மூன்று பின் பிளக்தான் வேண்டும். பிளக் இல்லாமல் ஒயரைத் துளையில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்குகிற பழக்கத்தை இன்றே விடுங்கள். துணி காயப்போடுகிற கொடிக் கம்பியைச் சர்வீஸ் ஒயர் வருகிற பைப்பில் கட்டாதீர்கள். ஒயர் உரசித் தேய்ந்தால் ஈரத் துணியோடு அம்மாவுக்கோ தங்கச்சிக்கோ வினையாகிவிடும்.

வீட்டு மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் வையுங்கள். 60 வாட் குண்டு பல்புக்குப் போகிற மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வெளியே கசிந்தாலே அது கண் இமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும். பியூஸால் அது முடியாது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அமுக்குங்கள். அணையாவிட்டால் உடனே மாற்றுங்கள். மோட்டாருக்கு எந்த வகை பொருந்தும் என்பதை வயர்மேனிடம் கேட்டுப் பொருத்துங்கள். இது இருக்கிறதே என்று எர்த்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒருவேளை யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால், ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். மெயின் எட்டாத தூரத்தில் இருந்தால், காய்ந்த பலகை மேல் நின்றுகொண்டு காய்ந்த கட்டையால் ஒயரை விலக்குங்கள். 108-க்குச் சொல்லுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தாமதிக்காதீர்கள். அறுந்து விழுந்த லைன் கம்பி என்றால் கிட்டேயே போகாதீர்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 'லேசா சுருக்குங்குது' என்றால் அது மோட்டார் நமக்குச் சொல்லி அனுப்பிய சேதி. செருப்புப் போட்டுக்கொண்டு அந்தச் சேதியைத் தள்ளிப்போடாதீர்கள். பேரப்பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டா தொட்டிப் பக்கம் போகிறார்கள்? ஐப்பசி அடைமழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். வயர்மேனின் ஒரு நாள் கூலியோடு முடிகிற வேலை. அந்த மாட்டை விற்றிருந்தால் அதைப் போல எத்தனையோ மடங்கு கிடைத்திருக்கும். பிள்ளைக்கு விலை ஏது?